ஜட்ஜ் கண்ணுக்குத் தெரியணும்: ஆன்லைன் ஃபிட்னஸ் போட்டி பத்தி வாசகர் கேள்விகள்

போன மாசம் கிராஸ்ஃபிட் ஓப்பன் (அவங்கவங்க இடத்துல இருந்தே ஒர்க்அவுட் பண்ணி ஸ்கோர் அனுப்புற, வருஷா வருஷம் நடக்குற உலகப் போட்டி) பத்தி இந்தப் பகுதியில எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்வி எல்லாம் ஒரே பக்கம்தான் சாயுது. வீட்லயோ ஜிம்லயோ போன வச்சு வீடியோ எடுத்து அனுப்புற போட்டியில எந்த எக்சர்சைஸ் வச்சா எல்லாருக்கும் நியாயமா இருக்கும், எத வச்சா சண்டை வரும், இதான் கேள்வி. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்க நாலு ஜிம் சேர்ந்து மூணு வாரத்துக்கு ஒரு ஆன்லைன் போட்டி நடத்தலாம்னு இருக்கோம், ஜிம்முக்கு 30 பேர் வருவாங்க. எல்லாரும் வீடியோ அனுப்புவாங்க, நாங்க பாத்து ஸ்கோர் போடணும். எந்த எக்சர்சைஸ் வைக்கலாம், எது வேண்டவே வேண்டாம்? (ஜிம் நடத்தும் வாசகர், கோவை)

தம்பி, போட்டி நடத்துற முக்கால்வாசி பேர் முதல்ல யோசிக்கிறது எது கஷ்டமா இருக்கும், எது பாக்க கெத்தா இருக்கும்னுதான். நீங்க அத அப்புறம் யோசிங்க. முதல்ல ஒவ்வொரு எக்சர்சைஸ பாத்தும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ஒரு ரெப், அதாவது அந்த அசைவ ஒரு தடவை முழுசா பண்றது, எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு, அந்த ஆள முன்னபின்ன தெரியாத ஒருத்தர் ஒரு சாதாரண போன் வீடியோல பாத்து சந்தேகமில்லாம சொல்ல முடியுமா? முடியாதுன்னா அந்த எக்சர்சைஸ் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஆன்லைன் போட்டிக்கு வேண்டாம், ட்ரெய்னிங்ல பண்ணிக்கோங்க.

என்னோட அனுபவத்துல தொடுற விஷயம் எல்லாம் ஜட்ஜ் பண்ண சுலபம், கோணம் பாக்குற விஷயம் எல்லாம் கஷ்டம். நெஞ்சு தரையைத் தொட்டுச்சா, டம்பெல் தரையைத் தொட்டுச்சா, கை கோட்டைத் தொட்டுச்சா, இதுக்கெல்லாம் ஆமா இல்லன்னு ரெண்டே பதில்தான். முதுகு நேரா இருந்துச்சா, இடுப்பு போதுமான அளவு இறங்குச்சா, முழங்கை முழுசா நீண்டுச்சான்னு வந்தா ஆளுக்கு ஒரு பதில். கபடில நடுக்கோடு இருக்கிறதாலதான் ரெய்டர் திரும்பி வந்தாரா இல்லையான்னு அடிச்சு சொல்ல முடியுது, அந்த மாதிரி உங்க ஒவ்வொரு ரெப்புக்கும் ஒரு கோடு வேணும்.

ஓப்பன்லயே இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. 2012ல முதல் ஒர்க்அவுட் 12.1 (முதல் எண் வருஷம், அடுத்தது அந்த வருஷத்துல எத்தனாவது ஒர்க்அவுட்னு), ஏழு நிமிஷம் பர்பி, அதாவது தரையில படுத்து எந்திரிச்சு குதிக்கிறது, வேற எதுவும் கிடையாது. பர்பில ஜட்ஜுக்கு தலைவலி எங்கன்னா கடைசில குதிக்கிற இடம், ஒருத்தர் நல்லா குதிப்பார், இன்னொருத்தர் குதிகால மட்டும் லேசா தூக்கிட்டு ரெப்னு சொல்வார். அதுக்கு அவங்க என்ன பண்ணாங்கன்னா, நின்னுகிட்டு கைய மேல நீட்டினா எட்டுற உயரத்துக்கு 6 இன்ச் மேல ஒரு டார்கெட், அத கையால தொட்டாதான் ரெப். ஒரே அடியில ரெண்டு பிரச்சனை தீர்ந்துச்சு. குதிச்சாரா இல்லையாங்கிற வாக்குவாதம் போச்சு, உயரமானவர் குட்டையானவர் ரெண்டு பேருக்கும் டார்கெட் அவங்கவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி வந்துடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் 11.2ல புஷ்அப்ப ஹேண்ட் ரிலீஸ் ஆக்கினதும் இதே யோசனைதான், கீழ படுத்ததும் ரெண்டு கையையும் தரையில இருந்து தூக்கணும்னா நெஞ்சு தரையில படாம தூக்கவே முடியாது. ரூல்ஸ் எழுதுறவங்க ரெண்டு வரி யோசிச்சு எழுதினா ஜட்ஜுக்கு ரெண்டு நாள் வேலை மிச்சம்.

அப்ப எது வைக்கலாம்? டம்பெல்ல ஒரு கையால தரையில இருந்து ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்குற டம்பெல் ஸ்னாட்ச் ரொம்ப நல்லது, 2017ல 17.1ல தான் ஓப்பன்ல முதல் தடவை டம்பெல் வந்துச்சு, ஆம்பளைங்களுக்கு 50 பவுண்டு, பொம்பளைங்களுக்கு 35, அதாவது நம்ம கணக்குல 22.5 கிலோ, 15 கிலோ. கீழ தரை, மேல நேரான கை, ரெண்டு முனையும் தெளிவா தெரியும், ஒரே ஒரு டம்பெல் இருந்தா போதும். டம்பெல் மேல பக்கவாட்டுல தாவுற பர்பி, பார்பெல் கம்பிய பாத்து படுத்து எந்திரிச்சு ரெண்டு காலும் சேத்து அத தாவுற பர்பி, கைய கோட்டுல தொட்டு திரும்பி ஓடுற ஷட்டில் ரன், ஒரு கால முன்னாடி வச்சு பின்னாடி இருக்கிற கால் முட்டி தரையைத் தொடுற லஞ்ச், சுவத்துல கோடு போட்டு அதுக்கு கனமான பந்த எறியுற வால் பால், இதெல்லாம் தைரியமா வைக்கலாம்.

வேண்டவே வேண்டாம்னு சொல்றது கைய தரையில ஊன்றி கால மாத்தி மாத்தி முன்னாடி கொண்டுவர்ற மவுண்டன் க்ளைம்பர், நின்ன இடத்துல முழங்கால தூக்கி ஓடுற ஹை நீஸ், உக்காந்து இடுப்ப திருப்புற ரஷ்யன் ட்விஸ்ட், முழங்கைய ஊன்றி உடம்ப நேரா அசையாம பிடிக்கிற பிளாங்க், சுவத்துல சாஞ்சு உக்காருற வால் சிட். மவுண்டன் க்ளைம்பர்ல கால் எவ்வளவு முன்னாடி வந்தா ரெப்னு எந்த ஜட்ஜாலயும் சொல்ல முடியாது, அதுவும் ஒரு நிமிஷத்துக்கு நூறு தடவை போகும்போது. பிளாங்க்ல இடுப்பு எப்ப தொங்குச்சுங்கிறது பெரிய விவாதம், அதுலயும் அஞ்சு நிமிஷம் ஆறு நிமிஷம் வீடியோல ஒண்ணுமே நடக்காது, பாக்குறவர் கண்ணு அசந்துடும். எடை இல்லாம உக்காந்து எந்திரிக்கிற ஏர் ஸ்குவாட் கூட கொஞ்சம் இருந்தா பரவாயில்ல, நூறு இருநூறுன்னு வச்சா கடைசி ஐம்பதுல எல்லாரும் பாதி ஸ்குவாட் போடுவாங்க, நீங்க நோ ரெப், அதாவது செல்லாதுன்னு, குடுத்தா பகை, குடுக்கலன்னா அநியாயம்.

இன்னொரு கணக்கையும் இப்பவே போடுங்க. 120 பேர், ஆளுக்கு 12 நிமிஷ ஒர்க்அவுட்னா ஒரு வாரத்துக்கே 1440 நிமிஷ வீடியோ, முழுசா 24 மணி நேரம், அதுவும் ஒரு தடவை நிறுத்தாம பாத்தா. யார் பாப்பாங்க? அதனால 7, 8 நிமிஷத்துக்கு மேல வைக்காதீங்க. இத்தனை நிமிஷத்துல எத்தனை ரெப்னு வச்சா எல்லா வீடியோவும் ஒரே நீளம், வேலைய பிரிச்சுக்க சுலபமா இருக்கும். ஒர்க்அவுட்டுக்குள்ள ரெண்டு எக்சர்சைஸ், மிஞ்சிப்போனா மூணு. அஞ்சாறு வச்சு பாக்க அழகா எழுதின ஒர்க்அவுட் எல்லாம் எண்ணும்போது குழப்பத்துலதான் முடியும்.

கேள்வி: போன ஆன்லைன் போட்டியில என்னோட ஸ்குவாட்ல 14 ரெப் போகல, "டெப்த் இல்ல", அதாவது இடுப்பு போதுமான அளவு இறங்கலன்னு சொல்லிட்டாங்க. நான் நிஜமாவே முழுசா இறங்கித்தான் பண்ணேன், எங்க கோச்சும் பக்கத்துலதான் நின்னாங்க. என்ன தப்பு நடந்திருக்கும்? (வாசகி, மதுரை)

நீங்க சொல்றத நம்புறேன்மா, ஏன்னா இது கேமராவால வர்ற தப்பா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. போன எங்க வச்சீங்க? அலமாரி மேலயோ உயரமான பாக்ஸ் மேலயோ வச்சிருந்தா கேமரா மேல இருந்து கீழ பாக்கும். முன்பக்கம் சாய்வா எடுத்தா உங்க முழங்கால் கேமராவுக்கு கிட்ட, இடுப்பு தூரம். மேல இருந்து பாக்கும்போது கிட்ட இருக்கிற பொருள் திரையில கீழ தெரியும், தூரத்துல இருக்கிறது மேல தெரியும், அதனால சரியா இறங்கின ஸ்குவாட் கூட பாதில நின்ன மாதிரி இருக்கும். தரையில போன வச்சா நேர் எதிர், இறங்காத ஸ்குவாட் கூட இறங்கின மாதிரி தெரியும். இத தெரிஞ்சு வச்சுகிட்டு ஏமாத்துறவங்களும் இருக்காங்க, தெரியாம நஷ்டப்படுறவங்க அத விட அதிகம்.

சரியான உயரம் உங்க முழங்கால் உயரம்தான். ஒரு சின்ன ஸ்டூல் போதும். நேர் முன்னாடி இல்லாம, நேர் பக்கவாட்டுலயும் இல்லாம, ரெண்டுக்கும் நடுவுல சாய்வா வைங்க, அப்பதான் இடுப்பு மடிப்பும் முழங்காலும் ஒரே நேரத்துல தெரியும். கருப்பு பேன்ட் கருப்பு டீஷர்ட் போட்டா இடுப்பு மடிப்பு எங்க இருக்குன்னே தெரியாது, இதுவும் சின்ன விஷயம் இல்ல. போன்ல இருக்கிற அகல லென்ஸ் வேண்டாம், ஓரத்துல இருக்கிறதெல்லாம் வளைஞ்சு தெரியும். வெளிச்சம் உங்க முன்னாடி இருந்து வரணும், ஜன்னல முதுகுக்குப் பின்னாடி வச்சு எடுத்தா நிழல் உருவம் மட்டும்தான் கிடைக்கும்.

புல்அப்லயும் இதே கதைதான். தரையில போன வச்சு முன்னாடி இருந்து எடுத்தா, பார் கேமராவுக்கு கிட்ட இருக்கிறதால மேல தெரியும், தாடை பாருக்கு கீழயே நின்ன மாதிரி இருக்கும், நியாயமா பண்ணவருக்கு நோ ரெப் விழும். புல்அப்ப பக்கவாட்டுல, முடிஞ்ச வரைக்கும் பார் உயரத்துக்கு பக்கத்துல வச்சு எடுக்கணும்.

ஆனா நான் உங்கள விட போட்டி நடத்தினவங்களத்தான் சொல்வேன். கேமரா எந்த உயரத்துல எந்த கோணத்துல எத்தனை அடி தூரத்துல இருக்கணும்னு ஒரு படம் வரைஞ்சு முன்கூட்டியே குடுத்திருக்கணும். அது ரூல்ஸோட ஒரு பாகம். எக்சர்சைஸ் பேர மட்டும் எழுதிட்டு கேமராவ போட்டியாளர் இஷ்டத்துக்கு விட்டா, பாதி ஸ்டாண்டர்ட அவங்க எழுதவே இல்லன்னு அர்த்தம்.

கேள்வி: எங்க ஆபீஸ் ஜிம்ல ரோயிங் மெஷின் இருக்கு. போட்டியில மீட்டர் வைக்கலாமா கலோரி வைக்கலாமா? எல்லாம் ஒண்ணுதானே? (வாசகர், சிங்கப்பூர்)

ஒண்ணு இல்ல சார், இதுல யார் ஜெயிக்கிறாங்கங்கிறதே மாறலாம். கான்செப்ட்2ங்கிற கம்பெனியோட ரோயிங் மெஷின்ல வேகம் கூடக் கூட வாட்ஸ் (இழுக்குற சக்தியோட அளவு) அதோட மூணாவது பவர்ல ஏறும், கலோரி அந்த வாட்ஸ வச்சுத்தான் கணக்கு. 500 மீட்டருக்கு 2 நிமிஷம் வேகத்துல இழுக்குறவருக்கு ஏறக்குறைய 200 வாட்ஸ், மெஷின் மணிக்கு 1000 கலோரிகிட்ட காட்டும். 1 நிமிஷம் 45 செகண்ட் வேகத்துல இழுக்குறவருக்கு 300 வாட்ஸ், கலோரி 1340. இந்த ரெண்டு பேருக்கும் 1000 மீட்டர் வச்சா ஒருத்தர் 4 நிமிஷம், இன்னொருத்தர் மூணரை நிமிஷம், வித்தியாசம் எட்டுல ஒரு பங்கு. அதே ரெண்டு பேருக்கு 50 கலோரி வச்சா ஒருத்தருக்கு 3 நிமிஷம், இன்னொருத்தருக்கு 2 நிமிஷம் 15 செகண்ட் கிட்ட, வித்தியாசம் நாலுல ஒரு பங்கு ஆயிடுது. அதாவது கலோரி வச்சா பெரிய உடம்புக்காரருக்கு கிடைக்கிற லாபம் ரெண்டு மடங்கு ஆகுது. எல்லா எடைக்காரங்களும் ஒரே பட்டியல்ல இருக்கிற போட்டின்னா என்னோட ஓட்டு மீட்டருக்குத்தான்.

மத்தபடி ஆன்லைன் போட்டிக்கு ரோயிங் மாதிரி நல்லது கிடையாது, நோ ரெப்பே கிடையாது, மானிட்டர் சொல்றதுதான் ஸ்கோர். 2020ல கொரோனா நேரத்துல கிராஸ்ஃபிட் கேம்ஸோட முதல் கட்டத்த 30 ஆண்கள் 30 பெண்கள வச்சு ஆன்லைன்லயே நடத்தினாங்க, அவங்கவங்க ஊர்ல இருந்தே, அதுல 1000 மீட்டர் ரோயிங்கும் ஒண்ணு, எடைய தோளுக்கு முன்னாடி வச்சு ஒரே ஒரு தடவை தூக்குற ஃப்ரன்ட் ஸ்குவாட்டும் ஒண்ணு. தெரியாத இடத்துல இருந்து வர்ற ஸ்கோர நம்பணும்னா இந்த மாதிரி ஜட்ஜ் ரெப் எண்ண வேண்டியதில்லாததுதான் கை கொடுக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாருக்கும் ஒரே கம்பெனி ஒரே மாடல் மெஷின் இருக்கணும். ஃபேன் வச்ச சைக்கிள்ல ஒரு பிராண்டோட 20 கலோரியும் இன்னொரு பிராண்டோட 20 கலோரியும் சமம் கிடையாது. மெஷின் வேற வேறயா இருந்தா அந்த எக்சர்சைஸையே தூக்கிடுங்க.

கேள்வி: ஒரு துள்ளல்ல கயிற ரெண்டு தடவை சுத்துற டபுள் அண்டர் வைக்கலாமா? வீடியோல எண்ணவே முடியல. (வாசகர், திருச்சி)

வைக்கலாம், ஆனா சின்ன சின்ன செட்டா. சாதாரண போன் வீடியோ செகண்டுக்கு 30 ஃப்ரேம்தான், ஒரு துள்ளல்ல கயிறு ரெண்டு தடவை போகும்போது திரையில வெறும் மங்கலான கோடுதான் தெரியும், ஜட்ஜ் கயிற பாத்து எண்ணுறதில்ல, துள்ளல் உயரத்தையும் மணிக்கட்டையும் சத்தத்தையும் வச்சுத்தான் எண்ணுறார். அதனால பாட்டு போடாம சத்தத்தோட எடுக்கச் சொல்லுங்க, அழுத்தமான நிறத்துல கயிறு, பின்னாடி வெறும் சுவர். 30, 40 வரைக்கும் ஓகே. ஒரே மூச்சா 200னு வச்சா ரெண்டு ஜட்ஜ் எண்ணினா ரெண்டு எண் வரும். நான் பாத்த வரைக்கும் புதுசா வர்றவங்களுக்கு கயிறுதான் முதல் தடை, அவங்களுக்கு சிங்கிள் போடுற பிரிவ தனியா வச்சிடுங்க.

கேள்வி: ஐயா, எங்க பக்கம் கர்லாக்கட்டை சுத்துறது இன்னும் இருக்கு, பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவாங்க. வெளிநாட்டு எக்சர்சைஸ் மட்டும்தான் போட்டிக்கு வருமா? நம்ம ஊர் பயிற்சிய ஆன்லைன் போட்டியில சேக்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். கண்டிப்பா சேக்கணும்னு ஆசைதான், ஆனா ஒவ்வொண்ணையும் அதே சல்லடையில போட்டுத்தான் ஆகணும், நம்ம ஊருதுங்கிறதுக்காக ஸ்டாண்டர்ட தளர்த்தினா அந்தப் பயிற்சிக்குத்தான் கெட்ட பேர் வரும்.

கர்லாக்கட்டைய முதல்ல பாப்போம். கட்டைக்கு கட்டை எடை மட்டும் இல்ல, நீளமும் மாறும், கனம் எந்த இடத்துல இருக்குங்கிறதும் மாறும். ஒரே 6 கிலோ கட்டை, ஒண்ணு குட்டையா தடியா, இன்னொண்ணு நீளமா இருந்தா சுத்தும்போது தோளுக்கு வர்ற பாரம் வேற வேற. எடை பாத்து மட்டும் சமம்னு சொல்லிட முடியாது. ரெண்டாவது, சுத்துல முக்கியமான பகுதி முதுகுக்குப் பின்னாடி நடக்குது, முன்னாடி கேமரா வச்சா அது தெரியாது, பின்னாடி வச்சா முன்பக்கம் தெரியாது. மூணாவது, அதுக்கு ஆரம்பம் முடிவுன்னு நிக்கிற இடமே கிடையாது, நிக்காம ஓடுறதுதான் அதோட அழகு. ஒவ்வொரு சுத்துக்கும் தோளுக்கு முன்னாடி ஒரு நொடி நிறுத்தணும்னு ரூல் போட்டா ஜட்ஜ் பண்ணலாம், ஆனா அப்ப அது கர்லா சுத்துறதாவே இருக்காது. நேரத்தோட போட்டி போட்டு களைச்சுப்போன கையில தலைக்குப் பக்கத்துல மரக்கட்டை சுத்துறது எனக்கு பயமாவும் இருக்கு. அதனால அத ரேஸ்ல சேக்காதீங்க, வாத்தியார் பாத்து மார்க் போடுற தனிப் பிரிவா வைங்க, அதுக்குத் தகுதியான கலைதான் அது.

இளவட்டக்கல் நேர் எதிர். கல்ல தூக்கி தோளுக்கு மேல கொண்டுபோய் பின்னாடி போட்டாரா இல்லையான்னு ஊரே பாத்து சொல்லும், இத விட தெளிவான ஸ்டாண்டர்ட எந்த பெரிய போட்டியிலயும் நான் பாத்ததில்ல. பிரச்சனை கல்லுதான், ஒவ்வொரு ஊர் கல்லும் ஒரு எடை, ஒரு வடிவம், ஒரு வழுவழுப்பு. ஒரே கல்லுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நிக்கிற போட்டி அது, ஆன்லைனுக்கு வராது. ஆனா அதோட முறைய எடுத்துக்கலாம்: கெட்டியான சாக்குப் பை, மணல எடை போட்டு ரொப்புறத வீடியோவோட ஆரம்பத்துல காட்டணும், தரையில இருந்து தூக்கி தோளைத் தாண்டி பின்னாடி விழுந்தா ஒரு ரெப். 5 நிமிஷத்துல எத்தனை? ஆரம்பம் தரை, முடிவும் தரை, நடுவுல தோள். செலவு ரொம்பக் கம்மி, எந்த ஊர்லயும் பண்ணலாம். நான் ஒரு போட்டி வடிவமைச்சா முதல் வார ஒர்க்அவுட்டே இதான்.

தோப்புக்கரணமும் யோசிக்கத்தக்கது. கைய குறுக்கா வச்சு காத பிடிச்சிருக்கிறதால முழங்கால்ல கைய ஊன்றி எந்திரிக்க முடியாது, சாதாரண ஸ்குவாட்ல களைச்சவங்க பண்ற அந்த ஒரு திருட்டு தானாவே அடைபட்டுடுது. ஆழம் மட்டும் பிரச்சனை, அதுக்கு மேல சொன்ன கேமரா உயரமும், ரெப் எண்ணிக்கைய கம்மியா வைக்கிறதும்தான் வழி.

கேள்வி: நான் 6 அடி 2 இன்ச். த்ரஸ்டர் (பார்பெல்ல தோள்ல வச்சு ஸ்குவாட் போட்டு எந்திரிக்கிற வேகத்துலயே தலைக்கு மேல தள்ளுறது) வந்தாலே குட்டையானவங்க என்ன தூக்கி சாப்பிட்டுடுறாங்க. உயரத்துக்குத் தகுந்த மாதிரி ரெப் குறைக்க கூடாதா? (வாசகர், சென்னை)

உங்க ஆதங்கம் புரியுது. 14.5ல த்ரஸ்டரும் பர்பியும் 21ல ஆரம்பிச்சு 3 வரைக்கும் இறங்கும், மொத்தம் 84 த்ரஸ்டர் 84 பர்பி, அதையே 16.5ல திரும்பவும் வச்சாங்க. ஒவ்வொரு த்ரஸ்டர்லயும் நீங்க பார கொண்டுபோற தூரம் அதிகம், ஒவ்வொரு பர்பிலயும் உங்க உடம்பு தரைக்கும் மேலுக்கும் போற தூரம் அதிகம், 84 தடவை அது சேரும். உண்மைதான்.

ஆனா உடம்ப அளந்து ரூல் போடுறது கத்திமேல நடக்குற வேலை. 2018ல 18.4ல தலைகீழா சுவத்துல நின்னு பண்ற ஹேண்ட்ஸ்டாண்ட் புஷ்அப்புக்கு ஆளோட உயரத்தோட முன்கை நீளத்துல பாதிய கூட்டி சுவத்துல கோடு போட்டு, குதிகால் அந்தக் கோட்டைத் தாண்டணும்னாங்க. எண்ணம் நல்லதுதான், எல்லாரும் முழுசா கைய நீட்டணும். ஆனா கையும் உடம்பும் எல்லாருக்கும் ஒரே விகிதத்துல இருக்காது, சிலருக்கு கை முழுசா நீண்டும் குதிகால் கோட்ட தாண்டல, வருஷக்கணக்கா பண்ணிட்டு இருந்தவங்களுக்கு நோ ரெப் மேல நோ ரெப். 12.1ல கைய நீட்டி எட்டுற உயரத்த அளந்தது நல்லா வேலை செஞ்சது ஏன்னா ஒரே அளவு, அதுவும் பண்ணப்போற அசைவையே அளந்தது. 18.4ல ரெண்டு அளவ கூட்டி கழிச்சு மூணாவது ஒண்ண ஊகிச்சாங்க. எனக்கு இதுல தெரியுறது, உடம்புல அளக்கணும்னா ஒரே ஒரு அளவு, போட்டியாளரே சுவத்துக்கு முன்னாடி நின்னு வீடியோல காட்டுற மாதிரி இருக்கணும், கால்குலேட்டர் எடுக்க வேண்டி வந்தா விட்டுடுங்க.

உங்களுக்கான நியாயம் ஒரு ஒர்க்அவுட்டுக்குள்ள கிடைக்காது சார், மூணு வாரத்தையும் சேத்துப் பாத்தாதான் கிடைக்கும். ஒரு வாரம் த்ரஸ்டரோ பர்பியோ வந்தா இன்னொரு வாரம் ரோயிங், 10 அடி கோட்டுக்கு எறியுற வால் பால்னு உயரமானவங்களுக்கு சாதகமானது வரணும், ஒரு வாரம் கனமா ஒரே தூக்கு. போட்டி நடத்துறவங்க எல்லா வாரமும் பர்பியவே சுத்தி சுத்தி வச்சாங்கன்னா அப்ப சண்டை போடுங்க, நானும் உங்க பக்கம்.

கேள்வி: முதல் தடவை கலந்துகிட்டேன். ஒர்க்அவுட் புல்அப்ல ஆரம்பிச்சது, எனக்கு ஒண்ணு கூட வராது, ஸ்கோர் பூஜ்யம். இனிமே கலந்துக்கவே பிடிக்கல. (வாசகி, ஈரோடு)

அப்படி சொல்லாதீங்கம்மா, அது ஒர்க்அவுட் எழுதினவரோட குறை. திறமை வேண்டிய கஷ்டமான அசைவ கடைசில வைக்கணும். 2014ல 14.4 அப்படித்தான், 60 கலோரி ரோயிங், தொங்கிகிட்டே கால் விரலால கம்பிய தொடுற 50 டோஸ் டு பார், 40 வால் பால், பார்பெல்ல தரையில இருந்து தோளுக்கு தூக்குற 30 க்ளீன், அதுக்கப்புறம் கடைசியா தொங்குற வளையத்துக்கு மேல உடம்ப ஏத்துற 20 மசில்அப், 14 நிமிஷம். 2023ல 23.1ஆ அதையே திரும்ப வச்சாங்க. மசில்அப் வராத ஆயிரக்கணக்கான பேரும் முன்னாடி இருக்கிறத எல்லாம் பண்ணி ஒரு மரியாதையான ஸ்கோரோட முடிக்கலாம், மேல இருக்கிறவங்கள பிரிக்கிற வேலைய கடைசி அசைவு பாத்துக்கும். 2021ல ஓப்பன்ல உபகரணமே இல்லாம பண்ற ஒரு பிரிவும் கொண்டுவந்தாங்க. அடுத்த தடவை பதிவு பண்றதுக்கு முன்னாடி, ஸ்கேல்டு பிரிவு, அதாவது சுலபமாக்கின பிரிவு, இருக்கான்னு கேளுங்க, அதுல என்ன அசைவுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. இல்லன்னா வேற போட்டி பாருங்க.

கேள்வி: எங்க போட்டியில முதல் மூணு பேர் வீடியோவ மட்டும் பாத்து ரெப் குறைச்சாங்க, அதனால முதல்ல இருந்தவர் 11ஆவது இடத்துக்குப் போயிட்டார். நாலாவதா இருந்தவர் வீடியோவ யாரும் பாக்காமலே அவருக்கு முதல் பரிசு. இது நியாயமா? (வாசகர், சேலம்)

நியாயமே இல்ல. பரிசு வாங்குறவர் வீடியோ பாக்கப்படாம பரிசு போகவே கூடாது. மூணு பேர குறைச்சா அதுக்கு அடுத்து மேல வர்றவங்களையும் பாக்கணும், மேடையில நிக்கிற மூணு பேர் வீடியோவும் முழுசா பாத்து முடிக்கிற வரைக்கும் இறங்கிகிட்டே போகணும். அதோட, கீழ இருக்கிறவங்கள்ல இருந்து குலுக்கல்ல சிலத எடுத்து பாக்குறது நல்லது, இல்லன்னா நடுவுல இருக்கிறவங்க வீடியோவ யாரும் பாக்க மாட்டாங்கங்கிற தைரியம் வந்துடும்.

எவ்வளவு தப்புக்கு என்ன தண்டனைங்கிறது போட்டி தொடங்குறதுக்கு முன்னாடியே எழுத்துல இருக்கணும். கிராஸ்ஃபிட்ல வீடியோவ பாத்துட்டு சரி, சின்ன தண்டனை, பெரிய தண்டனை, செல்லாதுன்னு பிரிப்பாங்க, அந்த மாதிரி ஒரு படிக்கட்டு இருந்தா ரெண்டு ரெப் தப்பினவரும் மொத்தமா ஏமாத்தினவரும் ஒரே கூண்டுல நிக்க வேண்டியதில்ல. ஒவ்வொரு வீடியோவையும் ரெண்டு பேர் தனித்தனியா, ஒருத்தர் எண்ணினது இன்னொருத்தருக்குத் தெரியாம பாக்கணும். அந்த ரெண்டு பேரும் போட்டியாளரோட சொந்த ஜிம்ல இருந்து வரக்கூடாது. எண்ணிக்கை ஒத்துப்போகலன்னா மூணாவது ஆள். அப்பவும் சந்தேகம்னா ரெப் போட்டியாளருக்கு, ஏன்னா தெளிவா தெரியாத எக்சர்சைஸ தேர்ந்தெடுத்தது அவர் இல்ல.

இன்னொரு வேலை இருக்கு, அத யாரும் பண்றதில்ல, பண்ணா பாதி தகராறு வரவே வராது. ஒர்க்அவுட்ட அறிவிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, உயரமான ஒருத்தர், குட்டையான ஒருத்தர், புதுசா வந்த ஒருத்தர்னு மூணு பேர அதே ஒர்க்அவுட்ட களைச்சுப் போற அளவுக்கு பண்ண வச்சு, அதே மாதிரி போன்ல எடுத்து, ரெண்டு ஜட்ஜ தனித்தனி ரூம்ல உக்கார வச்சு எண்ணச் சொல்லுங்க. ரெண்டு பேர் சொல்ற எண்ணுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா அந்த அசைவ மாத்துங்க, இல்லன்னா தொடுறதுக்கு ஒரு கோடோ டார்கெட்டோ சேருங்க, திரும்ப எண்ண வைங்க. எண் ஒத்து வந்ததுக்கு அப்புறம் அந்த மூணு வீடியோவையே, எது ரெப் எது நோ ரெப்னு குரல் குடுத்து, ரூல்ஸோட சேத்து எல்லா போட்டியாளருக்கும் அனுப்பிடுங்க. நீங்க அடுத்த தடவை பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த வீடியோவ கேட்டு வாங்கிப் பாருங்க, இல்லன்னு சொன்னாங்கன்னா ஏன் இல்லன்னு கேளுங்க, கேக்குறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு.